ரூபாய் எங்கே பாட் ஆகிறது?

சென்னையில் விமானம் ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் பாங்காக். 2023 நவம்பரில் இந்தியர்களை விசா இல்லாமல் அனுமதிக்க ஆரம்பித்ததிலிருந்து, முதல் வெளிநாட்டுப் பயணம் என்றாலே தாய்லாந்து என்று ஆகிவிட்டது. டிக்கெட்டில் ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க மூன்று வாரம் தேடுகிறவர்கள்கூட, பணம் மாற்றுவதை மட்டும் கடைசி நாளுக்குத் தள்ளிவிட்டு விமான நிலைய கவுன்டரில் போய் நிற்கிறார்கள். அங்கே ஒரே நிமிடத்தில் போகிற தொகை அந்த ஐந்நூறைப் போல நாலைந்து மடங்கு இருக்கும்.

போவது தெரியாமல் போவதற்குக் காரணம், அந்த இழப்புக்குக் கட்டணம் என்று யாரும் பெயர் வைப்பதில்லை. விலைக்குள்ளேயே கரைந்திருக்கும். ‘கமிஷன் இல்லை’ என்று பெரிய எழுத்தில் பலகை வைத்திருக்கிற கடை, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் சம்பாதிக்கிறது. அந்த இடைவெளி எவ்வளவு என்று பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

செல்போனில் தேடினால் வரும் விலை, வங்கிகள் தங்களுக்குள் பெருந்தொகைக்குப் பேசிக்கொள்ளும் நடுவிலை. அந்த விலைக்கு நமக்கு யாரும் தரமாட்டார்கள். ஆனால் அளவுகோலாக அதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். தாய்லாந்து நாணயமான பாட் ஒன்றின் நடுவிலை 2.70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சென்னை கவுன்டரில் 2.85க்கு விற்கிறார்கள்; நீங்கள் திருப்பிக் கொடுத்தால் 2.50க்கு எடுத்துக்கொள்கிறார்கள். பதினைந்து பைசாதானே என்று தோன்றும். ஆனால் அது ஐந்தரை சதவீதம். 50,000 ரூபாய்க்கு 18,519 பாட் வரவேண்டிய இடத்தில் 17,544 தான் கைக்கு வரும். பாங்காக்கில் ஒரு நாள் சாப்பாட்டுக்குத் தாராளமாகக் காணும் பணம், விமானம் ஏறுமுன்பே காலி.

சென்னையில் பாட் ஏன் இவ்வளவு விலை? பாட் நோட்டு இங்கே வேகமாகப் புரளும் சரக்கு அல்ல. திரும்பி வரும் பயணிகளிடமும் மொத்த வியாபாரிகளிடமும் வாங்கிப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். விற்கும்வரை முதல் முடங்கிக் கிடக்கும், விலை இறங்கினால் நட்டம். அந்த ஆபத்துக்கும் சேர்த்து விலை வைக்கிறார்கள். அமெரிக்க டாலர் அப்படியில்லை. தினமும் வந்து தினமும் போகிறது, எல்லாக் கடையிலும் இருக்கிறது, அதனால் இடைவெளி குறுகல். பாங்காக்கிலும் இதே கதைதான். உலகம் முழுவதிலிருந்தும் வருகிறவர்கள் டாலரோடு இறங்குவதால் எக்ஸ்சேஞ்ச் கடைகள் ஒன்றோடொன்று போட்டி போட்டு விலை தருகின்றன.

ஆகவே இரண்டு முறை மாற்றினால் இரண்டு முறை நட்டம் என்ற பொதுப்புத்தி இங்கே வேலை செய்யாது. சென்னையில் ரூபாய் கொடுத்து டாலர் வாங்கும்போது ஒன்றரை சதவீதம், பாங்காக்கில் டாலரை பாட்டாக்கும்போது அரை சதவீதம் போனாலும் மொத்தம் இரண்டுதான். நேரடியாக பாட் வாங்கினால் ஐந்தரை. இந்த எண்கள் நாளுக்கு நாள் மாறும். பயணத்துக்கு முன் உங்கள் தேதியில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

எல்லா நாட்டுக்கும் டாலர்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சிங்கப்பூர் டாலர் சென்னையில் தாராளமாகப் புழங்குகிறது, போக்குவரத்து அப்படி. அதை இங்கேயே நேரடியாக வாங்கலாம். சிங்கப்பூரில் முஸ்தபா சென்டர், சிராங்கூன் சாலைப் பக்கத்துக் கடைகளோ நம் ரூபாயையே அன்றாடம் வாங்கி விற்பவை. வியட்நாமிய டோங் இங்கே சுலபத்தில் கிடைக்காது, அதற்கு டாலர்தான். எந்த நோட்டு எந்த ஊரில் அதிகம் புரளுகிறதோ அந்த ஊரில் அதை மாற்றினால் இழப்பு குறையும். கணக்கு அவ்வளவுதான்.

டாலர் வாங்கும்போது

நூறு டாலர் நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். பாங்காக் கடைகளின் விலைப் பலகையில் டாலருக்கு ஒரு வரி இருக்காது. 100க்கு ஒரு விலை, 50க்கு ஒரு விலை, 20, 10, 5 நோட்டுகளுக்கு அதைவிடக் குறைவு, 2க்கும் 1க்கும் இன்னும் குறைவு என்று தனித்தனி வரிகள். சென்னைக் கடைக்காரர் “சில்லறையா வச்சுக்குங்க சார், வசதி” என்று இருபதுகளைத் தள்ளிவிடப் பார்ப்பார். பாங்காக்கில் அந்த வசதிக்குத் தனி விலை உண்டு. நோட்டு 2013இல் வந்த, நடுவில் நீலப் பட்டை உள்ள புதிய வடிவமாக இருக்க வேண்டும். பேனாக் கிறுக்கல், முத்திரை, ஓரக் கிழிசல், ஈரக்கறை இருந்தால் அங்கே விலையைக் குறைப்பார்கள் அல்லது வாங்கவே மாட்டார்கள். கவுன்டரில் நின்றபடியே ஒவ்வொரு நோட்டையும் இரு பக்கமும் பாருங்கள். வாசலைத் தாண்டிய பிறகு மாற்றித் தரமாட்டார்கள்.

கடைகளைத் தொலைபேசியில் ஒப்பிடும்போது “டாலர் என்ன ரேட்?” என்று கேட்காதீர்கள். “எல்லாம் சேர்த்து, ஐம்பதாயிரம் ரூபாய்க்கு என் கையில் எத்தனை டாலர் வரும்?” என்று கேளுங்கள். சர்வீஸ் சார்ஜ், டெலிவரி என்று பின்னால் முளைக்கிறதெல்லாம் அந்தப் பதிலுக்குள் வந்துவிடும். ஜிஎஸ்டி சட்டப்படி உண்டு, ஆனால் சொற்பம்: ஒரு லட்சம் ரூபாய் வரை, தொகையில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக எடுத்து அதன்மேல் 18 சதவீதம். 50,000 ரூபாய்க்கு 90 ரூபாய். சிறு தொகைக்குக் குறைந்தபட்சம் 45. ஜிஎஸ்டி என்று சொல்லி இதைவிடப் பெரிய தொகையைக் கேட்டால் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் நகல் கேட்பார்கள். 50,000 ரூபாய்க்குக் கீழே ரொக்கமாகக் கொடுக்கலாம், அதற்கு மேல் வங்கி வழியாகத்தான். பயணத்துக்கு 60 நாளைக்கு முன்பிருந்து வாங்கலாம். தாய்லாந்து போன்ற நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் நோட்டாக எடுத்துப் போகலாம், மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் கார்டு) ஏற்ற வேண்டும். இந்திய ரூபாய் நோட்டு 25,000 வரை. இதை மீறி எடுத்துப் போய்ச் சுங்கத்தில் மாட்டினால், மிச்சம் பிடித்த ஐந்நூறு ஆயிரத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். வெளிநாட்டுப் பணம் வாங்குவதில் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் 20 சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். சாதாரணச் சுற்றுலாவில் அந்த எல்லையை யாரும் தொடுவதில்லை.

முதல் நாளுக்கு மட்டும் இரண்டாயிரம் மூவாயிரம் பாட் சென்னையிலேயே வாங்கி வைத்துக்கொள்வதில் தவறில்லை. விலை அதிகம்தான், ஆனால் தொகை சிறிது. பின்னிரவில் இறங்குகிறவர்களுக்கு அது காப்பீடு மாதிரி.

சுவர்ணபூமியில் இரண்டு மாடி இறங்க வேண்டும்

பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் வரிசையாக வங்கி கவுன்டர்கள் தெரியும். பெயர்கள்தான் வேறு, விலைகள் ஏறக்குறைய ஒன்றே. டாலருக்கு அவர்கள் தரும் பாட் நகரத்துக் கடைகளைவிட நன்றாகவே குறைவு. அங்கே நிற்காமல் நகரும் படிக்கட்டில் கீழே, ஏர்போர்ட் ரயில் லிங்க் நிலையம் இருக்கும் ‘பி’ தளத்துக்குப் போங்கள். ரயில் நுழைவாயில் பக்கத்தில் சிறு சிறு எக்ஸ்சேஞ்ச் கடைகள் இருக்கின்றன, பச்சைப் பலகை சூப்பர்ரிச், ஆரஞ்சுப் பலகை சூப்பர்ரிச் உட்பட. இவை இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள். விலை நகரத்துக் கிளைகளுக்கு நெருக்கமாக இருக்கும். ஒரே கட்டடத்தில் இரண்டு தளங்களுக்கு நடுவே இவ்வளவு விலை வித்தியாசம் இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை; அதனால்தான் மேல் தளத்தில் எப்போதும் கூட்டம்.

பலகையில் ‘பையிங்’ என்ற பத்திதான் உங்களுக்கானது. கடை உங்களிடம் டாலரை வாங்குகிறது. பாஸ்போர்ட் அசல் கேட்பார்கள், ஓட்டல் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வராதீர்கள். பணத்தைக் கண்ணாடித் தடுப்பின் முன்னாலேயே எண்ணுங்கள். அங்கே கேமரா இருக்கிறது. நகர்ந்த பிறகு குறைகிறது என்று சொன்னால் எடுபடாது. நகரத்தில் மாற்றுவதானால் பிரதுநாம், ராட்சதம்ரி பக்கம் இதே கடைகளின் பெரிய கிளைகள் உண்டு.

ரூபாயையும் அங்கே வாங்குகிறார்கள். பலகையில் ரூபாயின் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள தூரத்தை டாலர் வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எது லாபம் என்று பலகையே சொல்லிவிடும். பழைய இரண்டாயிரம் ரூபாய் நோட்டு வீட்டில் கிடக்கிறது என்று எடுத்துப் போகாதீர்கள். 2023 மே மாதம் ரிசர்வ் வங்கி அதைத் திரும்பப் பெற ஆரம்பித்துவிட்டது, வெளியூர்க் கடைக்காரர் தொடமாட்டார்.

ஏடிஎம் போடும் மூன்று வெட்டு

தாய்லாந்து ஏடிஎம்களில் வெளிநாட்டுக் கார்டைச் சொருகினால் ஒவ்வொரு முறைக்கும் 220 பாட் கட்டணம். சில வங்கிகளில் 250. எடுப்பது ஆயிரமோ இருபதாயிரமோ, கட்டணம் ஒன்றுதான். அதன்மேல் உங்கள் வங்கி வெளிநாட்டில் பணம் எடுத்ததற்கு 125, 150 ரூபாய் என்று ஒரு தொகையும், அதற்கு ஜிஎஸ்டியும் போடும். மூன்றாவதாக மார்க்கப், அதாவது நாணயத்தை மாற்றுவதற்கு நம் வங்கி விலையின் மேல் ஏற்றும் சதவீதம்: பெரும்பாலான கார்டுகளில் 3.5 சதவீதம், ஜிஎஸ்டி சேர்த்தால் 4.13.

மேலே சொன்ன 2.70 விலையிலேயே கூட்டிப் பார்ப்போம். 10,000 பாட் எடுத்தால் நடுவிலையில் 27,000 ரூபாய். தாய் வங்கிக் கட்டணம் 594, மார்க்கப் சுமார் 1,140, நம் வங்கியின் 150 ரூபாய் ஜிஎஸ்டியோடு 177. மொத்தம் 1,911 ரூபாய், ஏழு சதவீதம். பயந்துகொண்டு 2,000 பாட் மட்டும் எடுத்தால்? 5,400 ரூபாய்ப் பணத்துக்குச் செலவு ஏறக்குறைய 1,020 ரூபாய், பத்தொன்பது சதவீதம். ‘தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கலாம்’ என்ற நம் வீட்டுப் பழக்கம் இங்கே தண்டம். எடுப்பதென்றால் ஒரே முறை, பெரிய தொகை. கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்கவே வேண்டாம். தனிக் கட்டணத்தோடு வட்டி அன்றைக்கே ஓட ஆரம்பிக்கும், வழக்கமான வட்டியில்லாக் காலம் இதற்குக் கிடையாது.

இயந்திரம் ஆறு இலக்க பின் நம்பர் கேட்கிற மாதிரி தோன்றினால் பதற வேண்டாம். அந்த ஊர்க் கார்டுகளுக்கு ஆறு இலக்கம். உங்கள் நான்கை அடித்துவிட்டு பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும். ‘சேவிங்ஸ்’ என்று அழுத்தி மறுத்தால் ஃபாரெக்ஸ் கார்டுக்கு ‘கிரெடிட்’ அல்லது ‘கரன்ட்’ என்று முயன்று பாருங்கள். சில இயந்திரங்களில் பணம் முதலில் வரும், கார்டு பிறகுதான் வரும். பணத்தை எண்ணிக்கொண்டே நடந்துவிட்டால் கார்டை இயந்திரம் உள்ளே இழுத்துக்கொள்ளும். வங்கிக் கிளையை ஒட்டிய ஏடிஎம்மாக, கிளை திறந்திருக்கும் நேரமாகப் பார்த்து எடுத்தால், மாட்டிய கார்டை உள்ளே போய்க் கேட்கவாவது முடியும்.

திரையில் வரும் அந்தக் கேள்வி

பணம் வருவதற்கு முன் ஏடிஎம் திரையில் ஒரு பக்கம் வரும். 10,000 பாட் இவ்வளவு ரூபாய் என்று பைசா சுத்தமாக எழுதி, கீழே இரண்டு பொத்தான்: கன்வெர்ஷனோடு தொடர், கன்வெர்ஷன் இல்லாமல் தொடர். முதலாவது பெரிதாக, பச்சையாக இருக்கும். ரூபாயில் தெரிவதால் மனசுக்கு நிம்மதியாகவும் இருக்கும். அதை அழுத்தினால் ரூபாய்க் கணக்கு அந்த ஊர் வங்கி வைக்கும் விலையில் முடிந்துவிடும். நடுவிலையிலிருந்து அது ஐந்து, எட்டு சதவீதம்கூடத் தள்ளியிருக்கலாம். ‘டிக்ளைன் கன்வெர்ஷன்’ என்பதை அழுத்துங்கள். டிக்ளைன் என்ற சொல்லைப் பார்த்துப் பணமே வராது என்று பலர் பயப்படுகிறார்கள். ரத்தாவது அந்த விலை மட்டும்தான். பணம் வரும், கணக்கை விசாவோ மாஸ்டர்கார்டோ தங்கள் விலையில் போட்டுக்கொள்ளும். அது நடுவிலைக்கு ஒட்டியே இருக்கும்.

கடைகளில் இதே கேள்வியைப் பெரும்பாலும் உங்களிடம் கேட்பதில்லை. மாலில் துணி வாங்கிக் கார்டைக் கொடுத்தால், ஊழியர் இந்தியக் கார்டு என்று பார்த்து ‘ஐஎன்ஆர்’ பொத்தானைத் தானே தட்டிவிடுவார். ஸ்லிப்பில் கையெழுத்துப் போடுமுன் தொகைக்குப் பக்கத்தில் ‘டிஎச்பி’ (THB, பாட்டின் குறியீடு) என்று இருக்கிறதா பாருங்கள். ரூபாய் இருந்தால் “வாய்ட், பாட் ப்ளீஸ்” என்றால் போதும், ரத்து செய்துவிட்டு மறுபடி போடுவார்கள். முகம் சுளித்தாலும் விடாதீர்கள். ரூபாயிலேயே போய்விட்டால் இரட்டை அடி: அவர்கள் விலையில் போனது போக, வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் நடந்த பரிவர்த்தனைக்கென்று நம்மூர் வங்கிகள் சில தனியாக 1 சதவீதம் பிடிக்கின்றன.

ஃபாரெக்ஸ் கார்டிலும் இப்படி ஒரு மறைவு உண்டு. டாலர் ஏற்றிய கார்டை பாட்டில் தேய்த்தால் குறுக்கு நாணயக் கட்டணம் விழும், பல கார்டுகளில் 3.5 சதவீதம். ஏற்றும்போது ஒரு இழப்பு, தேய்க்கும்போது ஒரு இழப்பு. பாட் பர்ஸ் (பாட்டைப் பாட்டாகவே வைத்திருக்கும் வசதி) உள்ள கார்டாக இருந்து, பாட்டாகவே ஏற்றினால்தான் அதற்கு அர்த்தம். மார்க்கப் இல்லாத கிரெடிட் அல்லது டெபிட் கார்டு ஒன்று கையில் இருந்தால் பெரிய செலவுகளுக்கு அதைவிடச் சிக்கனமானது எதுவும் இல்லை. இருப்பவர்கள் ஃபாரெக்ஸ் கார்டை மறந்துவிடலாம்.

ஓட்டலில் செக்-இன் செய்யும்போது டெபாசிட்டுக்கு கிரெடிட் கார்டையே கொடுங்கள். அவர்கள் பணத்தை எடுப்பதில்லை, நிறுத்தி மட்டும் வைக்கிறார்கள். கிரெடிட் கார்டில் அது லிமிட்டில் ஒரு மூலையில் கிடக்கும். டெபிட்டிலோ ஃபாரெக்ஸ் கார்டிலோ உங்கள் சொந்தப் பணமே முடங்கும். விடுவித்த தகவல் நம் வங்கிக்கு வந்து சேர நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். பயணத்தின் மூன்றாம் நாளில் பேலன்ஸ் இருந்தும் கார்டு மறுக்கப்படுவதற்கு அடிக்கடி இதுதான் காரணம்.

இன்னொரு காரணம் இன்னும் சாதாரணமானது. 2020இலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன. வெளிநாட்டு ஏடிஎம், வெளிநாட்டுக் கடை, தொட்டுச் செலுத்துவது என்று ஒவ்வொன்றையும் வங்கி செயலியில் நாமே திறந்து, வரம்பும் வைக்க வேண்டும். இதை வீட்டிலிருந்தே செய்துவிட்டுக் கிளம்புங்கள். தாய் சிம் போட நம் சிம்மைக் கழற்றிவிட்டால் பல வங்கிச் செயலிகள் திறக்கவே திறக்காது, ஓடிபியும் வராது. இந்திய சிம் ஒரு துளையில் ரோமிங்கில் இருக்கட்டும், டேட்டாவுக்கு மட்டும் உள்ளூர் சிம் அல்லது இ-சிம். கார்டுகள் இரண்டு வெவ்வேறு நெட்வொர்க்காக, வெவ்வேறு பையில் இருப்பது நல்லது. உள்நாட்டு ரூபே டெபிட் கார்டு மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

யுபிஐ இருக்கிறதே என்பவர்களுக்கு: இலங்கையிலும் மொரிசியசிலும் 2024 பிப்ரவரியில் தொடங்கினார்கள், சிங்கப்பூர், துபாய், நேபாளத்திலும் குறிப்பிட்ட கடைகளில் ஓடுகிறது. தாய்லாந்துத் தெருக்கடையில் தொங்கும் க்யூஆர், பிராம்ப்ட்பே என்ற அந்நாட்டுப் பணம் செலுத்தும் முறைக்கானது. அதை நம்பி வெறுங்கையோடு போக வேண்டாம்.

கையில் இருக்கும் நோட்டு

20 பச்சை, 50 நீலம், 100 சிவப்பு, 500 ஊதா, 1,000 சாம்பல் கலந்த பழுப்பு. எக்ஸ்சேஞ்சில் ஆயிரங்களாகத் தருவார்கள். ஒன்றிரண்டை நூறுகளாகக் கேட்டு வாங்குங்கள். டாக்ஸிக்காரரிடம் ஆயிரத்துக்குச் சில்லறை இருக்காது, அல்லது இருக்காது என்பார். விமான நிலைய டாக்ஸிக்கு மீட்டரோடு 50 பாட் கூடுதல், சுங்கச்சாவடிப் பணமும் உங்களுடையதே. வழியில் நூறு ரூபாய்த் தாள் மாதிரி நூறு பாட் தாள் எடுத்து நீட்ட வேண்டிவரும். ஆயிரத்தை உடைக்கச் சரியான இடம் செவன்-இலெவன். ஒரு தண்ணீர் பாட்டிலுக்கு நீட்டினாலும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சிறு கடைகளில் கார்டு என்றால் 200, 300 பாட் குறைந்தபட்சம் என்பார்கள், அல்லது 3 சதவீதம் கூடுதல் கேட்பார்கள், அங்கெல்லாம் ரொக்கம்தான். பாங்காக்கின் மெட்ரோவான எம்ஆர்டி ரயிலில் விசா, மாஸ்டர்கார்டைத் தொட்டே ஏறலாம்.

எல்லா நோட்டிலும் மன்னர் படம் இருக்கிறது. கீழே விழுந்த நோட்டு பறக்கிறதே என்று காலால் மிதித்து நிறுத்தாதீர்கள். நமக்கு அது அனிச்சைச் செயல், அங்கே மன்னரை அவமதிப்பது. அதற்குச் சட்டமும் கடுமை.

குடியேற்ற அதிகாரி சில சமயம் செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று கேட்பார். ஆளுக்கு 20,000 பாட் மதிப்பு என்பது வழக்கமான அளவு. டாலராக இருந்தாலும் சரி. அதனால் மாற்றாத டாலரைப் பெட்டியில் போட்டு அனுப்பாமல் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

மிச்சம்

கடைசி நாளில் பாட்டை மறுபடி டாலராக மாற்றுவது அர்த்தமில்லாத வேலை. இரண்டு வருடத்துக்குள் மறுபடி போகிற எண்ணம் இருந்தால் நோட்டாகவே வைத்துக்கொள்ளலாம். 2,000 டாலர் மதிப்பு வரை வெளிநாட்டு நோட்டை வீட்டில் வைத்திருக்க விதி அனுமதிக்கிறது. அதற்கு மேல் உள்ளதைத் திரும்பிய 180 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். சில்லறை நாணயங்களை எந்த எக்ஸ்சேஞ்சும் வாங்காது. திரும்பும்போது ஏர்போர்ட் ரயில் லிங்கில் போங்கள்: பயாதாய் நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு 45 பாட், டிக்கெட் இயந்திரத்தில் நாணயமாகவே போட்டுத் தீர்த்துவிடலாம்.

ஊர் திரும்பியதும் வெளிநாட்டுப் பயன்பாட்டைச் செயலியில் மூடிவிடுங்கள். ஸ்லிப்புகளை அடுத்த ஸ்டேட்மென்ட் வரும்வரை வைத்திருங்கள். ரத்து செய்து மறுபடி போட்ட பில்களில் பழையதும் சேர்ந்து விழுந்திருக்கிறதா, ஓட்டல் டெபாசிட் நிறுத்தம் செலவாக மாறியிருக்கிறதா என்று இரண்டையும் முதலில் பாருங்கள். வாய்ட் என்று அச்சான அந்தத் துண்டுச் சீட்டு இல்லாமல் வங்கியில் புகார் கொடுத்தால் இழுத்தடிப்பார்கள்.